அறுபத்திரண்டு முந்தானைகள்

நீலவேணி ஆற்றின் கீழ்க்கரையில் நிமிர்ந்து நின்ற வாகையூர்க் கோட்டையின் ஏழு கொத்தளங்களையும் செம்பொன் குழம்பால் மெழுகிவிட்டு, அக்கரை நெடுங்குன்றத்துக்குப் பின்னால் ஆடி மாதத்து ஞாயிறு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. உச்சிவானில் அரைத்திங்கள் வெளுத்துக் கிடந்தது. அடைய வந்த கொக்குகள் மருத மரங்களில் இடம் பிடிக்கச் சண்டையிட்டன. மணல்திட்டுகளுக்கு நடுவே கணுக்கால் ஆழத்துக்குத் தெளிந்து ஓடிய நீரில் அத்தனை வண்ணங்களும் கலந்து அசைந்தன. இப்படிப்பட்ட ஒரு மாலையில், இப்படிப்பட்ட ஓர் ஆற்றங்கரையில், நாலாயிரம் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து ஈட்டி தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

எதற்காக என்று கேட்பீர்கள், வாசகர்களே. சொல்லிவிடுகிறேன். இரு கரைக்கும் பொதுவான அம்மன் கோயில் திருவிழாவில் முதல் பரிவட்டத்தை அக்கரை மன்னருக்குக் கட்டிவிட்டார்கள். வாகையூர் அரையருக்கு இரண்டாவதாகக் கட்டினார்கள். விஷயம் அவ்வளவுதான். ஒரு முழம் துணி. அந்த அக்கரை மன்னர் வேறு யாருமல்லர், வாகையூர்ப் பட்டத்தரசியின் உடன்பிறந்த தமையன். மைத்துனர்களுக்குள் மனத்தாங்கல் வந்தால் நம் வீடுகளில் ஒருவேளைச் சோற்றை உண்ணாமல் எழுந்து போவார்கள். அரசர்கள் ஊரையே எழுப்பிக்கொண்டு போகிறார்கள்.

படித்துறையின் கடைசிக் கல்லில் இடுப்பளவு ஈரத்தோடு நின்றிருந்தாள் கொற்றி. வாகையூர் வண்ணார் தெருவில் பிறந்தவள், வயது இருபது, கை வலுவுக்குப் பேர்போனவள். அவள் கையில் அப்போது நனைந்துகொண்டிருந்தது, நாளை யானைமேல் ஏறப்போகும் அரையரின் புலிக்கொடி.

"பார்த்து அலசு. புலிக்குச் சளி பிடிச்சுக்கப் போவுது" என்றது ஒரு குரல்.

கண்டன் வந்து நின்றான். அவளுடைய அத்தை மகன். ஆவணியில் அவள் கழுத்தில் தாலி கட்ட வேண்டியவன். ஊர் ஆண்களோடு அவனையும் சேர்த்து ஈட்டிப்படையில் நிறுத்தி ஒரு மாதமாகிறது.

"புலி வீட்டுக்கு வந்துரும் மச்சான். நீ வருவியா?"

கண்டன் நீருக்குள் கால் வைத்து நின்றான். பிறகு மேற்கே கையைக் காட்டினான். "ஓடக்காரங்க சொல்றாங்க. மலையில நல்ல மழை. வெள்ளிக்கிழமைக்குள்ள புதுவெள்ளம் வந்துருமாம். வந்துட்டா தை மாசம் வரைக்கும் யானைகூட இறங்க முடியாது."

"அப்ப வெள்ளிக்கிழமை வரைக்கும் படை கிளம்பலைன்னா?"

"இந்த வருஷம் சண்டை இல்ல. தைக்குள்ள மைத்துனனும் மைத்துனனும் கட்டிப்புடிச்சு அழுதுருவாங்க. ஆனா நாளைக்கு விடியக்காலையில முகூர்த்தம் குறிச்சிட்டாரே சோதிடர். அதைத் தள்ளிவைக்க நீ யாரு, நான் யாரு?"

அப்போதுதான் கோட்டை வாசலிலிருந்து பறையொலி கிளம்பிற்று. முரசறைவோன் தெருத்தெருவாக நின்று கூவிக்கொண்டு வந்தான்: "நாளை உதயத்தில் அரையர் பெருமான் படையெழுச்சி! வீதிதோறும் கோலமிடுக! தோரணம் கட்டுக! கைம்பெண்கள் ஒருவரும் வெளியே தலை காட்டலாகாது! கதவடைத்து உள்ளே இருக்கக் கடவர்!"

வெளுக்கப் போட்ட துணியை வாங்கிப்போக வந்திருந்த அங்காளி அதைக் கேட்டாள். செக்கார் தெருப் பெண். எட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த போரில் கணவனைப் பறிகொடுத்தபோது அவளுக்கு வயது இருபத்துநான்கு. அன்றிலிருந்து வெள்ளை. அன்றிலிருந்து எந்த வீட்டு நல்ல காரியத்துக்கும் ஆகாதவள்.

"கேட்டியா கொற்றி? நாலாயிரம் ஈட்டி, நாப்பது யானை. அத்தனையும் என் ஒருத்தி மூஞ்சிக்குப் பயப்படுது" என்று சிரித்தாள் அங்காளி.

கொற்றி சிரிக்கவில்லை. அலசிக்கொண்டிருந்த புலிக்கொடியை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அக்கா, உன் மூஞ்சிய நாளைக்குக் காட்டுறியா?"

திங்கட்கிழமை உதயத்தில் நடந்ததை வாகையூர் அதுவரை கண்டதில்லை. பேரிகைகள் முழங்கின, வஞ்சிப்பூ மாலைகள் அசைந்தன, பட்டத்து யானைமேல் பொற்கவசம் பளபளக்க வாகையூர் அரையர் கோட்டை வாசலைக் கடந்தார். கடந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். வாசலிலிருந்து ஆற்றுத்துறை வரை, ராஜவீதியின் இருபுறமும் வெள்ளை. கோலமிட்டிருந்த இடத்திலெல்லாம் கைம்பெண்கள் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் போடவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. தலையை நிமிர்த்தி அரையரின் முகத்தை மட்டும் பார்த்தார்கள்.

சோதிடர் கண்ணைப் பொத்திக்கொண்டார். "பெருமானே! இன்று வேண்டாம். அடுத்த முகூர்த்தம் புதன்கிழமை உதயத்தில்."

யானை திரும்பியது. திரும்பும் யானையின் பின்புறத்தைப் பார்த்து அங்காளி முணுமுணுத்தாள்: "எட்டு வருஷத்துல என்னால நடந்த முதல் நல்ல காரியம்."

அன்று நண்பகலுக்குள் வாகையூரின் கைம்பெண்கள் அனைவரையும் கோட்டை நெற்களஞ்சியத்தில் அடைத்துத் தாழிட்டார் தண்டநாயகர் வீரசிங்கர். போர்க்களத்தில் அவர் எப்படியோ தெரியாது. கதவு பூட்டுவதில் வல்லவர்.

இனி என்ன செய்வது? வண்ணார் தெருவில் கொற்றியின் முன்னால் வந்து நின்றவர்கள் கணவன்மாரோடு வாழும் பெண்கள். மஞ்சள், பச்சை, அரக்கு, கருநீலம் என்று உடுத்தவர்கள். கைக்குழந்தைகளோடு வந்தவர்களும் உண்டு. குயவர் தெருக் குப்பாயி கட்டியிருந்த சேலையின் முந்தானையைத் தூக்கிக் காட்டினாள்.

"இதை வெள்ளையாக்க முடியுமா உன்னால?"

"உனக்கு வீட்டுக்காரன் உசிரோட இருக்கான் அக்கா."

"அதனாலதாண்டி கேக்குறேன். செத்தப்புறம் கட்டுறதை முன்னாடியே கட்டிட்டுப் போய் நிக்கிறேன். அந்த ஆளு பார்க்கட்டும், நானும் எப்படி இருப்பேன்னு."

செவ்வாய்க்கிழமை முழுவதும் ஆற்றங்கரையில் வெள்ளாவிப் பானைகள் புகைந்தன. உவர்மண்ணில் ஊறிய சேலைகளை அடுக்கி, வாய் மூடி, ஆவியில் வேகவைத்து, கல்லில் அடித்து, மறுபடியும் வேகவைத்தாள் கொற்றி. சிற்றப்பன் மருதன் விறகு தள்ளினான். பானையைத் திறக்கும்போதெல்லாம் ஒருவரின் கல்யாணச் சாயம், இன்னொருவரின் வளைகாப்புச் சாயம், கொதிநீராய் வழிந்து மண்ணில் ஓடிற்று. மாலை வெயிலில் மணல்மேட்டில் உலர்த்தியபோது அறுபத்திரண்டு சேலைகளும் கொக்குக் கூட்டம்போல் கிடந்தன.

இங்கேதான், வாசகர்களே, கொற்றி ஒரு பிழை செய்தாள். எந்த வீட்டுத் துணி எது என்று தெரிவதற்காக, ஒவ்வொரு முந்தானையின் ஓரத்திலும் சேங்கொட்டைப் பாலால் வண்ணார் ஒரு குறியிடுவது வழக்கம். குப்பாயி வீட்டுக்கு இரண்டு கோடும் ஒரு சுழியும். கொல்லர் வீட்டுக்கு மூன்று புள்ளி. எந்த உவர்மண்ணுக்கும், எத்தனை ஆவிக்கும் அந்தக் கருமை போகாது. அந்த ஓரத்தை ஒரு விரற்கடை கிழித்து எறிந்திருந்தால் போதும். ஆனால் பிறத்தியார் துணியைக் கிழிக்க ஒரு வண்ணாத்தியின் கை எப்படித் துணியும்? குறி பார்த்து, மடித்து, அவரவர் சேலையை அவரவரிடமே சேர்த்தாள். அவளுக்கு அது மூச்சுவிடுவதுபோல், யோசித்துச் செய்ததில்லை.

புதன்கிழமை உதயத்தில் யானை மறுபடியும் வாசலைக் கடந்தது. மறுபடியும் வெள்ளை. இம்முறை முகங்களை முந்தானையால் மூடியிருந்தார்கள். ஈட்டிப்படை வரிசையில் சலசலப்பு எழுந்தது. முகம் மூடினால் என்ன, தன் வீட்டுக்காரி நிற்கும் நிலை ஒருவனுக்குத் தெரியாதா? வரிசையின் நடுவில் நின்ற குயவன், குப்பாயியின் கணவன், ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ, நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்று வாய்விட்டு அழுதான். கண்டன் கொற்றியைப் பார்த்தான். இன்னும் தாலி ஏறாத கழுத்தும் வெள்ளைச் சேலையுமாக அவள் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அரையர் திரும்பிவிட்டார். அடுத்த முகூர்த்தம் வெள்ளிக்கிழமை உதயத்தில். ஆனால் தண்டநாயகர் திரும்பவில்லை. வெள்ளை உடுத்தவளைத் தொடுவது அபசகுனம் என்பதால், குதிரைமேல் இருந்தபடியே வாள்நுனியால் முந்தானை ஓரங்களை அறுக்கச் சொன்னார். அறுத்த துண்டுகளை ஒரு கூடையில் போட்டு, நேரே வண்ணார் தெருவுக்கு எடுத்துவந்தார்.

"வாசி" என்றார் கொற்றியைப் பார்த்து.

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க."

"எழுத்தை வாசிக்கச் சொல்லவில்லை, பெண்ணே. குறியை வாசி. எந்தத் துண்டு எந்த வீடு?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயைத் திறக்கவில்லை. தண்டநாயகர் அவளோடு நேரத்தை வீணாக்காமல் மருதனின் கழுத்தில் வாளை வைத்தார். மருதன் மோசமானவன் அல்லன். ஐந்து குழந்தைகளின் தகப்பன், அவ்வளவுதான். ஒவ்வொரு துண்டாக எடுத்து, "இது குயவர் குப்பாயி… இது கொல்லர் வீடு…" என்று சொல்லிக்கொண்டே போனான். அவன் குரல் போகப்போகத் தேய்ந்தது. ஓலை எழுதுபவன் எழுதிக்கொண்டான்.

மாலையில் பறை முழங்கிற்று: "கணவன் உயிரோடிருக்க வெள்ளை உடுத்து நின்ற அறுபத்திரண்டு பெண்களின் கணவர்களும் படையின் முதல் வரிசையில் செல்லக் கடவர்! இனி எவள் வெள்ளை உடுத்து நின்றாலும் அவள் கணவன் எவனாயினும் முதல் வரிசையில் நிற்கக் கடவன்! இது அரையர் பெருமானின் ஆணை! யாராலும் மாற்றப்படாது!"

முதல் வரிசை என்றால் அக்கரை வில்லாளிகளின் முதல் அம்புக்கு மார்பு கொடுப்பது. வாகையூரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமை குப்பாயி வந்து கொற்றியின் வாசலில் நின்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சாயம் இருக்கா கொற்றி? மஞ்சளானாலும் பரவாயில்ல. நாளைக்கு அவரு போகும்போது நான் வெள்ளையில நிக்கக் கூடாது" என்று மட்டும் கேட்டாள்.

கொற்றியின் பெயர் மட்டும் அந்த ஓலையில் இல்லை. வண்ணாத்தியின் சேலைக்குக் குறி எதற்கு? அவள் துணியை வெளுக்கப் போடும் வீடு வேறு இல்லையே. அவளுக்குத் தாலி கட்டப்போகிறவன் பத்தாம் வரிசையில் பத்திரமாக இருந்தான். அறுபத்திரண்டு பேரை முன்னால் தள்ளிவிட்டு அவளவன் மட்டும் பின்னால்.

மாலையில் கண்டன் வந்தான். வந்தவன் உட்காரவில்லை.

"முதல் வரிசைக்குப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"யாரைக் கேட்டுக் குடுத்த?"

"அத்தனை பேரும் என் கூட்டாளிங்க கொற்றி. குப்பாயி வீட்டுக்காரரு எனக்கு நீச்சல் கத்துக்குடுத்தவரு. அவரு முதுகைப் பார்த்துட்டு நான் பின்னால நடக்கவா?"

"நான் ஓரத்தைக் கிழிச்சிருக்கணும் மச்சான். கிழிச்சிருந்தா…"

"உன்னால முடியாது. நீ கிழிக்கிற ஆளு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதில் கோபம் இருந்ததா, பாசம் இருந்ததா என்று அவள் யோசித்துக்கொண்டே நின்றாள்.

அந்தக் குழப்பத்தில்தான் அரண்மனைத் தாதி ஒருத்தி செம்பட்டுக் கரை போட்ட சிவப்புச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். வெளுக்க வேண்டுமாம். கறையாம். "இதுல கறையே இல்லையே" என்றாள் கொற்றி. "வெளுக்கச் சொன்னாங்க, வெளு. விடியறதுக்குள்ள வேணும்" என்றாள் தாதி. பானை சூடாகத்தான் இருந்தது. கொற்றி அதையும் உள்ளே போட்டாள். அரண்மனைக்காரர்களுக்குப் போர் நேரத்தில்கூட எப்படித்தான் சேலையைப் பற்றி யோசிக்க வருகிறதோ என்று பல்லைக் கடித்தாள்.

வெள்ளிக்கிழமை உதயம். மேற்கே வானம் மை பூசியதுபோல் இருந்தது. காற்றில் மண்வாசனை. ஓடக்காரர்கள் படகுகளை மேட்டில் இழுத்துக் கட்டிவிட்டார்கள். இன்னும் ஒரு நாள். ஒரே ஒரு நாள் பிடித்து நிறுத்தினால் போதும்.

ராஜவீதியில் கொற்றி மட்டும் நின்றாள்.

யானை வந்தது. தண்டநாயகர் அவள் முந்தானை ஓரத்தை வாள்நுனியால் அறுத்து, கூடவே இழுத்துவந்திருந்த மருதனிடம் எறிந்தார். மருதன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "குறி இல்லைங்க… எங்க வீட்டுப் பொண்ணுங்க. கல்யாணம் ஆகலைங்க."

"கேட்டீர்களா, சோதிடரே? கன்னிப்பெண். கைம்பெண்ணும் அல்லள், சுமங்கலியும் அல்லள்" என்று தண்டநாயகர் நகைத்தார். "ஒரு வண்ணாத்தி வெள்ளை கட்டினால் அது சகுனமா, சலவையா?"

படைவரிசையில் யாரும் சிரிக்கவில்லை. சோதிடர் மட்டும் ஆறுதலாகத் தலையசைத்தார். பேரிகைக்காரன் கோலை ஓங்கினான். கொற்றி யானையைப் பார்த்தாள். ஓடிப்போய் யானையின் காலடியில் விழுந்தாலும் யானை சுற்றிக்கொண்டு போகும், அவ்வளவுதான் நடக்கும்.

அப்போது கோட்டைக்குள்ளிருந்து வெள்ளை உடுத்த இன்னொரு பெண் வந்தாள். முகம் மூடியிருந்தாள். காலில் செருப்பில்லை, நடந்து பழகாத பாதங்கள் என்பது கல்லில் ஒவ்வோர் அடியும் தயங்குவதிலேயே தெரிந்தது. வந்து கொற்றியின் பக்கத்தில், தோள் உரசும்படி நின்றாள்.

தண்டநாயகரின் வாள் அவள் முந்தானையையும் தீண்டிற்று. விழுந்த துண்டை மருதன் எடுத்தான். பார்த்தான். உடனே கீழே போட்டான்.

"சொல்" என்றார் தண்டநாயகர்.

"தெரியலைங்க…"

யானைமேலிருந்து அரையரே முழங்கினார்: "வாசிக்கச் சொல்! என் ஆணையை மீறி நிற்பவள் எவனுடைய மனைவி?"

மருதன் மண்டியிட்டு விழுந்தான். கொற்றி குனிந்து அந்தத் துண்டை எடுத்தாள். பிறையும், அதன்கீழ் இரண்டு புள்ளியும். அவள் கையாலேயே எத்தனையோ முறை இட்ட குறி. நேற்று மாலை வெந்த சிவப்புச் சேலை நினைவுக்கு வந்தது. புதன்கிழமை மூடிய வாயை இன்று அவளாகவே திறந்தாள். ராஜவீதி முழுவதும் கேட்கச் சொன்னாள்:

"இது அந்தப்புரக் குறி. பட்டத்தரசி சேலை."

பக்கத்தில் நின்றவள் முக்காட்டை விலக்கினாள். படை முழுவதும் ஒரே மூச்சாகத் தரையில் மண்டியிட்டது.

"அரையரே," என்றாள் அரசி. "அக்கரையில் என் உடன்பிறந்தவர், இக்கரையில் தாங்கள். எவர் வென்றாலும் எனக்குத் துக்கம்தான்; ஆகவே இந்த வெள்ளையை முன்னதாகவே உடுத்துக்கொண்டேன். வெள்ளை உடுத்தவளின் கணவன் எவனாயினும் முதல் வரிசையில் நிற்க வேண்டும் என்பது தங்கள் ஆணை. யாராலும் மாற்றப்படாதது. யானையிலிருந்து இறங்குங்கள். அந்தக் குயவருக்குப் பக்கத்தில் இடமிருக்கிறது."

வாசகர்களே, அந்த ஒரு கணம் இருந்ததே! கொற்றி அரையரின் முகத்தைப் பார்த்தாள். கவசத்துக்குள் இருந்தவர் சாதாரண மனிதர், பயந்துபோயிருந்தார். முடிந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்று அவள் நெஞ்சு ஒருமுறை துள்ளிவிட்டது.

அரையர் யானையை மண்டியிடச் செய்து சோதிடரை நோக்கிக் குனிந்தார். சோதிடர் நெடுநேரம் காதில் ஏதோ ஓதினார். பிறகு அரையர் இறங்கினார். இறங்கியவர் முதல் வரிசைப் பக்கம் போகவில்லை. கோட்டை வாசலை நோக்கி நடந்தார்.

சோதிடர் உரத்துச் சொன்னார்: "இச்சகுனம் அரசர் ஒருவருக்கே உரியது. ஆதலால் பெருமான் கோட்டையிலேயே எழுந்தருளியிருப்பார். சகுனம் படையைத் தீண்டாது. தண்டநாயகர் படை நடத்துவார். அரசியாருக்கு உடல் நலமில்லை. மேன்மாடத்தில் வைத்துக் காக்கப்படுவார்."

பேரிகை முழங்கிற்று. தாதிமார் அரசியை நடத்திக்கொண்டு போனார்கள். போகும்போது அவள் திரும்பிக் கொற்றியைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே முகம்தான் இருந்தது அப்போது.

நாலாயிரம் பேரும் கொற்றியைக் கடந்து நடந்தார்கள். யாரும் அவளைத் தொடவில்லை, தள்ளவில்லை. ஆற்று நீர் ஒரு பாறையைச் சுற்றிப் போவதுபோல் சுற்றிக்கொண்டு போனார்கள். முதல் வரிசையில் குப்பாயியின் கணவன். அவனுக்கு இரண்டு ஆள் தள்ளிக் கண்டன். "தண்ணி ஏறுது, மேட்டுக்குப் போயிரு" என்று மட்டும் சொன்னான். அவன் முழங்கால் நனைய இறங்கியதைப் பார்த்தாள். அக்கரை ஏறியதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு எல்லா முதுகும் ஒன்றுபோல் இருந்தது.

அன்று சாயங்காலம் புதுவெள்ளம் வந்தது. அரை நாள் தாமதமாக. செங்காவி நிறத்தில் மரங்களைப் புரட்டிக்கொண்டு கரை புரள வந்தது. போனவர்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் இனித் தைக்கு முன்னால் திரும்ப வழியில்லை.

களஞ்சியத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். அங்காளியும் மற்றவர்களும் மேட்டில் வந்து நின்றார்கள். குப்பாயி மஞ்சள் சேலையில் நின்றாள். சரியாகக் காயாத சாயம் அவள் கையெல்லாம் ஒட்டியிருந்தது. அப்போது கோட்டையிலிருந்து அதே பறை, அதே குரல்:

"படை வெற்றி வேண்டி, ஞாயிறு உதயத்தில் அரையர் பெருமான் புறங்கோட்டைக் காளி கோயிலுக்கு எழுந்தருளுகிறார்! கைம்பெண்கள் ஒருவரும் வெளியே தலை காட்டலாகாது!"

கொற்றி மெதுவாகத் திரும்பினாள். "கோட்டைக்கு எத்தனை வாசல் அக்கா?"

"நாலு" என்றாள் அங்காளி. "ஏன்?"

"சகுனம் அவருக்கு மட்டும்தானாமே. சோதிடர் சொன்னாரே, ஊரே கேட்டுச்சே." கொற்றி கரையோரம் இறங்கி, சுழித்தோடும் செந்நீரைக் கை நிறைய அள்ளினாள். "இந்தத் தண்ணி மேல ஆணை. போனவங்க இந்தத் துறையில திரும்பிக் கால் வைக்கிற வரைக்கும் அரையரு கோட்டை வாசலைத் தாண்ட மாட்டாரு. கோயிலுக்கும் இல்ல, குளத்துக்கும் இல்ல. நாலு வாசல்லயும் விடியக்காலையில வெள்ளை நிக்கும். முதல் வாசல்ல நான் நிப்பேன்."

குப்பாயி மஞ்சள் முந்தானையை வெள்ளத்தில் முக்கினாள். காயாத சாயம் கரைந்து போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொருத்தியாக இறங்கித் தண்ணீரைத் தொட்டார்கள்.

அங்காளி மட்டும் அக்கரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நெடுங்குன்றத்தின் அடிவாரத்தில் புகை எழுந்திருந்தது. அடுப்புப் புகையா, வேறு புகையா என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

"அவங்க திரும்பி வரலைன்னா கொற்றி?" என்று கேட்டாள்.

கொற்றி கையிலிருந்த நீரைக் கீழே விட்டாள். அறுபட்ட முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"அப்ப சேலை மாத்துற வேலை மிச்சம் அக்கா."